தோல் வாளியும் சிங்க் மெஷினும்

போன சனிக்கிழமை மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல்.

"சார், நீங்க அந்தப் பத்தி எழுதறவர்தானே?"

பத்தி எழுதுகிறவனுக்கு இதைவிட இனிமையான கேள்வி உண்டா? முகத்தில் கொஞ்சம் அடக்கத்தை வரவழைத்துக்கொண்டு திரும்பினேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள். கையில் முருங்கைக்காய்க் கட்டு. அடையாறில் வீடாம். பழைய சமையலறையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறாராம்.

"நாளைக்கு கிரானைட் வெட்ட வர்றாங்க சார். சிங்க்குக்கு அடியில காய்கறிக் கழிவை அரைச்சுத் தள்ளற மெஷின் பத்தி எழுதினீங்களே... அதுக்கு இடம் விடணுமான்னு கேக்கறாங்க. நீங்க எழுதினதைக் காட்டித்தான் எங்க வீட்டுக்காரர்கிட்ட சம்மதம் வாங்கினேன். ஒரே வார்த்தை சொல்லுங்க. வெக்கலாமா, வேண்டாமா?"

ஒரே வார்த்தை! ஒன்றுமில்லாத விஷயத்தை இரண்டு பக்கத்துக்கு இழுக்கிற எனக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. "அது... வந்து... குழாயைப் பொறுத்ததும்மா" என்று எதையோ உளறிவிட்டு, வெண்டைக்காயைக்கூட வாங்காமல் நழுவிவிட்டேன்.

அம்மா, கிரானைட்டை இந்நேரம் வெட்டியிருப்பார்கள். இருந்தாலும் அன்றைக்குச் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளமான பதில். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு ராஜா அண்ணாமலைபுரத்தில், எட்டு வீடுகள் கொண்ட ஒரு பழைய அடுக்குமாடியில் இருக்கிறது. இரண்டாவது மாடி. நான் ஓய்வு பெற்றதிலிருந்து காய்கறி நறுக்குவது என் இலாகா. சமைப்பது என் மனைவி லலிதாவின் இலாகா. தோலையும் காம்பையும் ஒரு மூடி போட்ட வாளியில் சேர்த்து அப்புறப்படுத்துவதும் என் தலையில்தான். மற்ற வீடுகளில் காலையில் தெருவுக்கு வரும் மாநகராட்சி பேட்டரி குப்பை வண்டியில் கொட்டிவிடுவார்கள். நான் மட்டும் கீழே இறங்காமல் மேலே ஏறுவேன். மொட்டை மாடிக்கு.

ஏன் மேலே? அங்கே செபாஸ்டின் இருப்பார்.

செபாஸ்டின் தரைத்தளத்து வீட்டுக்காரர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்பா, சித்தப்பா எல்லாம் பட்டினப்பாக்கத்தில் கடலுக்குப் போனவர்கள். மாடியில் பிளாஸ்டிக் டிரம்களைப் பாதியாக அறுத்து, அதில் தக்காளி, கத்தரி, புதினா, அரைக்கீரை என்று ஒரு தோட்டமே போட்டிருக்கிறார். என் வீட்டுக் காய்கறித் தோல்தான் அவருடைய மட்குத் தொட்டிக்கு முக்கிய ஆகாரம். போதாததற்கு, அவர் வீட்டு மீன் கழிவை வெல்லம் போட்டு ஊறவைத்து, தண்ணீரில் கலந்து செடிக்கு ஊற்றுவார். அந்தக் கீரைதான் எங்கள் வீட்டுக்கு வரும்.

லலிதா முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடாதவள். "மீன் தண்ணி ஊத்தின கீரைம்மா இது" என்று ஒருநாள் சீண்டிப் பார்த்தேன். "செடி என்ன சாப்பிடறதுன்னு நான் எதுக்குப் பாக்கணும்? நான் சாப்பிடறது செடியைத்தானே?" என்று சொல்லிவிட்டுக் கடைந்துகொண்டே இருந்தாள். சாஸ்திரத்துக்கு இவளைவிட நல்ல வக்கீல் கிடைக்காது.

செபாஸ்டின் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதால் நான் அவருக்கு 'வாத்யார்'. வாளியைத் திறந்து பார்த்ததும் ஆரம்பித்துவிடுவார்.

"இன்னா வாத்யாரே, மூணு நாளா ஒரே பூசணித் தோலா கீது? வூட்ல எதுனா சண்டையா?"

சண்டைதான். லலிதாவுக்குக் கோபம் வந்தால் பூசணிக்காய் சமைப்பாள். எனக்குப் பிடிக்காது என்பது அவளுக்குத் தெரியும். அது செபாஸ்டினுக்கும் தெரிந்துவிட்டது!

இன்னொரு முறை வாளியில் ஆரஞ்சுத் தோலும் காய்ந்த ரொட்டி ஓரங்களும் மட்டும் இருந்தன. அவர் சிரிக்கவில்லை. "யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்றார். லலிதாவுக்குக் காய்ச்சல். கொஞ்ச நேரத்தில் அவர் மனைவி பிலோமினா ஒரு தூக்கில் கஞ்சியும் புதினாத் துவையலுமாக எங்கள் வாசலில் நின்றார். சொந்தத் தங்கை போன் பண்ணி விசாரித்தது அதற்கு மறுநாள்.

இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வெளிநாட்டிலிருந்து மகன் வந்தான். வருகிற பிள்ளைகளுக்கு நம் வீட்டில் ஏதாவது ஒன்றைத் திருத்தாவிட்டால் தூக்கம் வராது. போன முறை கட்டில். இந்த முறை என் வாளி.

"இந்த முட்டியோட ஏம்ப்பா மாடி ஏறி எறங்கறே? வழுக்கி விழுந்தா யாரு பாக்கறது?"

அவன் கவலை நியாயம்தான். மூன்றாம் நாளே ஆள் வந்து சிங்க்குக்கு அடியில் அந்த மெஷினைப் பொருத்திவிட்டுப் போனார். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன் — மிக்ஸியைச் சிங்க்கின் ஓட்டைக்குக் கீழே கட்டித் தொங்கவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். தோலைப் போட வேண்டும். குழாயைத் திறக்க வேண்டும். சுவிட்சைத் தட்ட வேண்டும். 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். தோலைக் காணோம்!

முதல் நாள் தட்டைப்பயற்றின் காம்பைப் போட்டுவிட்டு, அது போன இடத்தைச் சின்னப் பிள்ளை மாதிரி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஈ இல்லை, நாற்றம் இல்லை, வாளி கழுவும் வேலை இல்லை. நாகரிகம் என்றால் இதுதானே?

மாடிக்குப் போய் செபாஸ்டினிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். முட்டி வலித்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். மறுநாள் மழை. அதற்கு மறுநாள் மகனை ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. சொல்ல வேண்டிய ஒன்றைத் தள்ளிப்போட ஆரம்பித்தால், கொஞ்ச நாளில் அதைச் சொல்லவே கூச்சமாகிவிடுகிறது... உங்களுக்கும் நேர்ந்திருக்கும்.

செபாஸ்டினிடம் சொல்லவில்லை. ஆனால் உங்கள் எல்லோரிடமும் சொன்னேன்!

ஆமாம், இதே பத்தியில். அந்த வாரம் வேறு விஷயம் எதுவும் சிக்கவில்லை. மெஷினைப் புகழ்ந்து தள்ளினேன். 'வயதான காலத்தில் மாடிப்படி ஏறிக் குப்பை சுமக்கும் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை' என்று ஒரு வரி எழுதினேன். எழுதியபோது எனக்கே பிடித்திருந்தது. லலிதாவிடம் இரண்டு தடவை படித்துக்கூடக் காட்டினேன். "செபாஸ்டின் படிப்பாரே" என்றாள். "தமாஷை தமாஷா எடுத்துக்கத் தெரிஞ்சவர்தான்" என்றேன்.

செபாஸ்டின் என் பத்தியை ஒரு வாரம்கூட விட்டதில்லை. படித்துவிட்டு எங்கே பார்த்தாலும் ஏதாவது ஒன்று சொல்வார். "இந்த வாரம் கொஞ்சம் வழவழன்னு கீது வாத்யாரே" என்பதுதான் பெரும்பாலும். அந்த வாரம் ஒன்றும் சொல்லவில்லை. பத்திரிகை கைக்குக் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எழுதுகிறவனின் கர்வம் எப்படியெல்லாம் கண்ணைக் கட்டுகிறது பாருங்கள்.

மெஷின் விஷயத்துக்கு வருகிறேன். பொருத்திய ஆள் போகும்போதே சொல்லியிருந்தார் — நார் இருக்கிற எதையும் போடக்கூடாது, மாவுப் பொருளைக் கொட்டக்கூடாது. நானும் தலையை ஆட்டினேன். அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். முருங்கைக்காய்ச் சக்கை, வாழைத்தண்டு, வாழைப்பூ, கறிவேப்பிலை, தேங்காய் நார், புளிக்கோது, மிஞ்சிய சாதம், புளித்த மாவு — இதையெல்லாம் கழித்துவிட்டால் நம் சமையலறையில் மிஞ்சுவது என்ன? கேரட்!

போதாக்குறைக்கு, அரைக்கும்போதெல்லாம் குழாயை முழுசாகத் திறந்துவிட வேண்டும். கோடையில் லாரித் தண்ணீருக்குத் தவம் கிடக்கிற ஊரில், வெண்டைக்காய்க் காம்பைக் கடலுக்கு அனுப்ப ஒரு குடம் தண்ணீர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. செபாஸ்டினின் மகள் ஷைனியின் குழந்தைக்கு ஞானஸ்நானம். ஷைனி கல்யாணமாகி வேளச்சேரியில் இருக்கிறாள். பல வருஷம் காத்திருந்து பிறந்த பிள்ளை. கோயிலில் சடங்கு முடித்து, தாத்தா வீட்டில் விருந்து. முந்தின நாள் பிலோமினா மேலே வந்து அழைத்தார்.

"கண்டிப்பா வந்துடணும்க்கா. உங்க ரெண்டு பேருக்கும் சாம்பார் சாதம், தயிர் சாதம் தனியா சொல்லிக்கீறோம். பிரியாணி கடையிலேர்ந்து வருது. வஞ்சிரக் கொழம்பு மட்டும் நானே வெக்கறேன். என் பேரனுக்கு மொத விருந்து, கடைக்காரன் கொழம்பா ஊத்தறது?"

செபாஸ்டின் ஏன் வரவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வெறும் கையோடு போவதா? லலிதா வாழைப்பூ வடை செய்வது என்று முடிவெடுத்தாள். பிலோமினாவுக்கு உயிர் அது. பெரிய பூவாக இரண்டு. நான்தான் உட்கார்ந்து ஒவ்வொரு பூவிலும் நரம்பையும் தோலையும் இழுத்தேன். விரலெல்லாம் கறுத்துப் போயிற்று. ஒரு முறத்துக்குக் கழிவு சேர்ந்தது. நார் போடக்கூடாது என்பது ஞாபகம் இருந்தது. ஆனால் இது நாரா? பூதானே! அப்படி எனக்கு நானே தீர்ப்பு சொல்லிக்கொண்டு, முழுசையும் மெஷினுக்குள் தள்ளினேன். கூடவே, புளித்துப்போன இட்லி மாவு அரைப் பாத்திரம் இருந்தது. அதையும் ஊற்றினேன்.

மெஷின் முக்கியது. சிங்க்கில் தண்ணீர் தேங்கியது. கொஞ்சம் வேகமாகத் தண்ணீர் விட்டால் தள்ளிக்கொண்டு போய்விடும் என்று குழாயை முழுசாகத் திறந்து, மறுபடி சுவிட்சைத் தட்டினேன். மெல்ல மெல்ல இறங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எங்கே இறங்கியது?

பழைய கட்டடங்களில் எல்லா மாடிச் சமையலறைக்கும் ஒரே குழாய்தான். எல்லாம் சேர்ந்து தரைக்குப் போய்ச் சாக்கடையில் கலக்கும். கீழே அடைத்துக்கொண்டால், மேலேயிருந்து வருவதற்குப் போக்கிடம் கிடையாது. தரைத்தளத்து வீட்டு சிங்க் வழியாகத்தான் பொங்கும்.

"மேல யாருப்பா தண்ணி வுடறது? நிறுத்துங்க! நிறுத்துங்கன்றேன்ல!"

ஜன்னலுக்கு வெளியே, குழாய்கள் இறங்கும் சந்திலிருந்து செபாஸ்டினின் குரல். "யாரோ குழாயை மூடாம வெச்சிருக்கா போலிருக்கு" என்று லலிதாவிடம் சொல்லிக்கொண்டே என் குழாயை மூடினேன். சத்தியமாக அது நான்தான் என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றவில்லை.

சூடான வடையைத் தட்டில் அடுக்கி, வாழையிலையால் மூடிக்கொண்டு இருவரும் கீழே இறங்கினோம்.

கூடத்தில் ஷைனி வெள்ளைச் சட்டை போட்ட குழந்தையோடு நின்றிருந்தாள். கோயிலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்கள். பின்னாலேயே விருந்தாளிகள் வந்துகொண்டிருந்தார்கள். சமையலறையில் கணுக்கால் வரை தண்ணீர். பிலோமினா பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கெட்டில் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். மேடையில் இடமில்லாமல் குழம்புப் பாத்திரத்தைச் சிங்க்கை ஒட்டித் தரையில், ஆறட்டும் என்று திறந்து வைத்திருந்தார்கள். சிங்க்கிலிருந்து வழிந்தது நேராக அதற்குள் விழுந்திருக்கிறது. விடியற்காலையில் எழுந்து மீன் வாங்கி, மசாலா அரைத்து அவர் வைத்த குழம்பு. அதன் மேல் வெள்ளையாக மாவு படர்ந்திருந்தது. அந்த வெள்ளையில் மிதந்துகொண்டிருந்தது... வாழைப்பூ நரம்பு.

என் கையில் வாழைப்பூ வடைத் தட்டு.

அந்தக் கட்டடத்தில் அன்றைக்கு வேறு யார் வீட்டில் வாழைப்பூ? பிலோமினா பாத்திரத்தைப் பார்த்தார். என் தட்டைப் பார்த்தார். மறுபடி குனிந்து தண்ணீரை மொண்டார். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். லலிதா செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, இன்னொரு பக்கெட்டை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டாள். நான் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாசற்படியிலேயே நின்றேன்.

"கொஞ்சம் நகருங்க சார். ஆளு வர்றாரு" என்றார் செபாஸ்டின்.

சார். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை.

வந்த பிளம்பர் குழாயின் அடிமூடியைக் கழற்றி, தாம்புக்கயிறு மாதிரி ஒன்றை இழுத்து வெளியே போட்டார். பேரனின் முதல் விருந்தில் தாத்தா வீட்டுக் குழம்பு இல்லை. கடை பிரியாணியை, வண்டி நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டு, நேரம் கழித்துச் சாப்பிட்டார்கள். எங்களுக்குச் சொன்ன சாம்பார் சாதம் மட்டும் பத்திரமாக இருந்தது. பிலோமினாவே பரிமாறினார். அந்தச் சாதம் எனக்கு உள்ளே இறங்கிய பாடு எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலை மாடிக்குப் போனேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு. செபாஸ்டின் கத்தரிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். நேற்று நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். ஒரு முறை அல்ல, பல முறை. அவர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"தண்ணி வந்தத்த வுடுங்க சார். கொழா அடச்சிக்கும். எல்லா வூட்லயும் நடக்கறதுதான். பிலோமினா ரெண்டு நாள்ல மறந்துடுவா."

"அப்புறம் ஏன் செபாஸ்டின், என்னைப் போய் 'சார், சார்'னு..."

அவர் சொன்னார். கோபமே இல்லாமல், வானிலை சொல்கிற மாதிரி.

"நீங்க எழுதினத்த படிச்சேன். குப்ப சொமக்கறதுலேர்ந்து விடுதலைன்னு போட்டுக்கீறீங்க. அதுக்கு முன்னால ஒரு வாரம் தொட்டிய தொறந்து வெச்சிக்கினு நின்னேன், முட்டி வலி போல, ஏற முடியல போலன்னு. கீழ எறங்கி வந்து நானே வாங்கிக்கலாம்னுகூட நெனச்சேன். புக்குல பாத்தப்புறம்தான் வெசயமே தெரிஞ்சிது."

"அது சும்மா தமாஷுக்கு..."

"தமாஷாத்தான் கீது. நல்லாத்தான் எழுதிக்கீறீங்க." மண் கரண்டியைச் சுவரோரம் வைத்தார். "நான் அத்த குப்பைன்னு நெனச்சதே இல்ல சார். நீங்க வர்றீங்கன்னு நெனச்சேன்."

தலையைக் குனிந்துகொண்டு படி இறங்கினேன்.

அந்த வாரமே மெஷினைக் கழற்றிவிட்டேன். மகன் போனில் கத்தினான். கத்தட்டும். பழைய வாளியைத் தேடி எடுத்துக் கழுவி, பீர்க்கங்காய்த் தோலும் கொத்தமல்லித் தண்டுமாக நிரப்பிக்கொண்டு மாடி ஏறினேன். மூச்சு வாங்கியது. மனசு லேசாக இருந்தது. எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

செபாஸ்டின் வாளியைப் பார்த்தார். தொட்டியைத் திறந்து காட்டினார். விளிம்பு வரை நிறைந்திருந்தது.

"மூணாவது மாடி மேடம் இப்ப தினம் குடுத்தனுப்பறாங்க சார். இதுக்கு மேல போட்டா தண்ணி வுட்டுக்கும். தப்பா நெனச்சிக்காதீங்க."

தப்பாக நினைக்க இதில் என்ன இருக்கிறது? செடிக்குத் தோல் வேண்டும். ஒருவன் நிறுத்தினான், இன்னொருவர் கொடுக்கிறார். வாளியை அப்படியே தூக்கிக்கொண்டு எல்லாப் படியும் இறங்கி, பேட்டரி வண்டியில் கொட்டினேன்.

கீரை இன்னும் வருகிறது. அதில் குறையே இல்லை. முன்பெல்லாம் செபாஸ்டினே கொண்டுவருவார். லலிதா காபி கலப்பாள். அரை மணி நேரம் உட்கார்ந்து, என் அந்த வாரப் பத்தியைக் கிழித்துத் தோரணம் கட்டுவார். இப்போது அவர் வீடு போக மீதி ஏழு வீட்டுக் கதவுகளிலும் ஒரே மாதிரி துணிப்பை தொங்குகிறது. எங்கள் கதவிலும் ஒன்று. ஏழில் ஒரு வீடாக ஆகிவிட்டேன் நான்.

அடையாறு அம்மா, மெஷின் நன்றாக வேலை செய்யும். உங்கள் வீட்டுக் குழாய் புதிது என்றால் இன்னும் நன்றாகவே செய்யும். வாழைப்பூவை மட்டும் காட்டாதீர்கள். ஆனால் சுவிட்சைத் தட்டுவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள் — இதுவரை உங்கள் வீட்டுத் தோலை யார் கையில் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள்? மாட்டுக்காரரா, பக்கத்து வீட்டுச் செடிக்காரரா? யாராவது இருந்தால், முதலில் அவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். பத்திரிகையில் எழுதுவதெல்லாம் அப்புறம்.

எங்கள் வயதில் இரண்டு ஆண்கள் தினமும் பார்த்துக்கொள்ள ஏதாவது ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. பெண்கள் பரவாயில்லை, சும்மாவே கதவைத் தட்டுவார்கள். எனக்கு இருந்தது ஒரு வாளித் தோல். அதைத்தான் அரைத்துத் தள்ளினேன்.

நேற்றுக் காலை மனசு கேட்கவில்லை. வெறும் கையோடு மாடி ஏறிப் போய் நின்றேன். தக்காளிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்த செபாஸ்டின் நிமிர்ந்து, என் கைகளைப் பார்த்தார்.

"இன்னா சார், டேங்க்ல தண்ணி கீதான்னு பாக்க வந்தீங்களா?"

"ஆமாம்" என்றேன். டேங்க் மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டேன்.

'உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்' — வாரா வாரம் இரண்டு பக்கம் எழுதுகிறவனுக்கு அந்த ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை.